கண்டதைக் கட்டிவைக்கும் கவனம்



தஞ்சை மாவட்டத்துக் கடற்கரை ஊர்களுள் அதிராம்பட்டினமும் ஒன்று. வடக்கே பட்டுக்கோட்டைப் பக்கம் திரும்பினால் நெல்வயலும் தென்னந்தோப்பும், தெற்கே பாக் நீரிணை, கரையோரமாக உப்பளங்கள், கிழக்கே சிறிது தொலைவில் முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு. என் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊர் அது. ஆதலின் எனக்கு அவ்வூர் சிறுவயது முதலே பழக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உளவியலைச் சார்ந்தது. அதனை எனக்கு முதன்முதலில் உணர்த்தியது எந்த நூலுமன்று; என் அத்தையின் மருந்து டப்பாவே.

அத்தைக்கு அப்போது வயது 74. காலையில் இரண்டு மாத்திரை, இரவில் இரண்டு மாத்திரை. காலையில் உண்ணவேண்டியவை சர்க்கரை நோய்க்கான வெள்ளை வட்ட மாத்திரையும், இரத்த அழுத்தத்துக்கான இளஞ்சிவப்பு நீள மாத்திரையும். இரவில் உண்ணவேண்டியவை இளஞ்சிவப்பு வட்டம் ஒன்றும், வெள்ளை நீளம் ஒன்றும். மருந்துகள் அந்த வாரத்தில்தான் மாற்றி எழுதப்பட்டிருந்தன. புதியவை பழகும் வரையில் உதவியாக இருக்கட்டும் என்று, அத்தையின் மகன் ஓர் அட்டையில் வண்ணப் பென்சிலால் மாத்திரைகளின் படம் வரைந்து சுவரில் மாட்டியிருந்தார்.

ஓர் இரவு அத்தை அட்டையைப் பார்த்தார், டப்பாவைத் திறந்தார். அந்தச் சமயம் பார்த்து வெளிநாட்டிலிருந்து பேரன் தொலைபேசியில் அழைத்தான். பேரனோடு பேசிக்கொண்டே இரண்டு மாத்திரைகளை எடுத்து விழுங்கினார். ஒரு வட்டம், ஒரு நீளம். ஒரு வெள்ளை, ஓர் இளஞ்சிவப்பு. ஆனால் அவர் விழுங்கியவை வெள்ளை வட்டமும் இளஞ்சிவப்பு நீளமும், அதாவது காலை மாத்திரைகள். அன்றிரவு உணவும் குறைவு. நள்ளிரவில் உடல் வியர்த்து, கைகால் நடுங்கி, நினைவு தடுமாறியது. பக்கத்து வீட்டு அம்மையார் நிலைமையை உணர்ந்து உடனே சர்க்கரை நீர் புகட்டியதால் பிழைத்தார்.

மறுநாள் நான் சென்று பார்த்தபோது வீடே கலங்கியிருந்தது. "அம்மாவுக்கு மறதி நோய் தொடங்கிவிட்டதோ?" என்று மகன் என் காதோடு கேட்டார். அத்தையோ நிமிர்ந்து உட்கார்ந்து என்னிடம் வழக்காடினார்: "தம்பி, இரவுக்கு ஒரு வட்டம் உண்டா இல்லையா? ஒரு வெள்ளை உண்டா இல்லையா? நான் எதை மறந்தேன் சொல்!"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நிறங்களுள் எதையும் அவர் மறக்கவில்லை. வடிவங்களுள் எதையும் மறக்கவில்லை. எந்த நிறம் எந்த வடிவத்தைச் சேர்ந்தது என்னும் உறவு ஒன்றே கைநழுவிப் போயிற்று. மணிகள் எல்லாம் இருக்கின்றன. அவற்றைக் கோத்த நூல் அறுந்துவிட்டது. அந்த நூல் எது, அது ஏன் அறுகிறது என்னும் கேள்விக்கு அறிஞர்கள் கண்ட விடையைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கண் ஒரு பொருளை அப்படியே படம் பிடித்து மூளைக்குள் அனுப்பிவிடுகிறது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மை அதுவன்று. நிறத்தை அறிவதில் சிறந்து விளங்கும் பகுதிகள் மூளையில் உண்டு. அசைவை அறிவதில் சிறந்து விளங்கும் பகுதிகள் வேறு உண்டு. ஒரே பொருளைப் பற்றிய செய்திகள் இவ்வாறு பலவிடங்களில் பகிர்ந்து ஆராயப்படுகின்றன. அப்படியானால் செம்பருத்தியின் சிவப்பும் அதன் இதழ் வடிவும் மீண்டும் எங்கே, எவ்வாறு ஒன்றுகூடி ஒரு மலராகின்றன? உளவியலார் இதனைப் 'பிணைப்புச் சிக்கல்' என்பர்.

இச்சிக்கலுக்குப் புகழ்பெற்ற விடை ஒன்றைத் தந்தவர் ஆன் டிரைஸ்மன் என்னும் அம்மையார். இங்கிலாந்தில் 1935ஆம் ஆண்டு பிறந்து, பின்னர் அமெரிக்காவில் பேராசிரியராய் விளங்கி, 2018ஆம் ஆண்டு மறைந்தவர். 1980ஆம் ஆண்டில் அவரும் கெலேட் என்பவரும் வெளியிட்ட கொள்கையின் சாரம் இது: நிறம், சாய்வு முதலிய தனித்தனிப் பண்புகளைக் கண்பார்வை ஒரே வீச்சில், முயற்சியின்றி, பரவலாக அறிந்துவிடுகிறது. ஆனால் இந்த நிறம் இந்த வடிவத்துக்கு உரியது என்று முடிச்சுப் போடுவதற்குக் கவனம் அந்த இடத்தில் வந்து நிற்கவேண்டும். கவனமே பசை, அஃதின்றேல் பண்புகள் ஒட்டாமல் மிதந்துகொண்டிருக்கும்.

மிதக்கும் பண்புகள் சும்மா இருப்பதில்லை. தவறான துணையோடு சேர்ந்துகொள்ளவும் செய்கின்றன. 1982ஆம் ஆண்டில் டிரைஸ்மனும் ஷ்மிட்டும் நடத்திய சோதனையில், நிற எழுத்துக்கள் சிலவற்றை ஒரு கணம் காட்டி மறைத்தார்கள். இருபுறமும் நின்ற எண்களைத்தான் முதலில் சொல்லவேண்டும் என்பது கட்டளை. ஆகவே கவனம் எண்களின்மீது சென்றுவிட்டது. பிறகு எழுத்துக்களைப் பற்றிக் கேட்டபோது, ஓர் எழுத்தின் நிறத்தை மற்றோர் எழுத்தின்மேல் ஏற்றிப் பலரும் சொன்னார்கள். அப்படியொரு எழுத்து அங்கே இருந்ததேயில்லை. எனினும் அதைக் கண்ணால் கண்டதாகவே அவர்கள் நம்பினார்கள். கண்ணால் காண்பதும் பொய் என்று நம் முன்னோர் சொன்ன பழமொழிக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மூளையின் உச்சியை ஒட்டிய பக்கப்பகுதி இருபுறமும் பழுதுற்ற ஒரு நோயாளியைப் பற்றி 1995ஆம் ஆண்டில் டிரைஸ்மனும் அவருடைய கூட்டாளிகளும் எழுதினார்கள். இரண்டே எழுத்துக்களைக் காட்டி, பத்து நொடி வரையில் பார்க்கவிட்டாலும், அவர் ஒன்றின் நிறத்தை மற்றொன்றுக்குச் சூட்டினார். இடத்தை உணர்ந்து கவனத்தை நிறுத்தும் உறுப்புப் பழுதுபட்டால், பிணைப்பும் பழுதுபடுகிறது என்பது இதனால் புலனாயிற்று.

இதுவரை சொன்னது காணும்போது நிகழ்வது. என் அத்தையின் தவறு கண்டபோது நேர்ந்ததன்று. அட்டையிலிருந்து கண்ணை எடுத்து டப்பாவுக்குள் நோக்கிய அந்தச் சில நொடிகளில் நேர்ந்தது. கண்டதைச் சற்று நேரம் மனத்தில் ஏந்திவைத்துக்கொண்டு அதைக் கொண்டு ஒரு செயலைச் செய்கிறோமே, அந்த நினைவுக்குச் 'செயல்நினைவு' என்று பெயர். 1974ஆம் ஆண்டில் ஆலன் பேட்லியும் கிரகாம் ஹிட்சும் இதற்கு ஒரு திட்டவடிவம் தந்தார்கள். ஆண்டுக்கணக்கில் நிற்கும் நினைவைக் களஞ்சியம் என்றால், செயல்நினைவை நெல் அளக்கும் மரக்கால் எனலாம். களஞ்சியம் பெரிது, ஆனால் அதற்குள் போவதும் அதிலிருந்து வருவதும் மரக்காலால் அளந்துதான்.

அந்த மரக்காலின் கொள்ளளவு எவ்வளவு? 1997ஆம் ஆண்டில் லக், வோகல் என்னும் இருவர் இதனை அளந்தார்கள். நிறச் சதுரங்கள் சிலவற்றை நொடிக்கும் குறைவான நேரம் காட்டி, மறைத்து, மீண்டும் காட்டி, ஏதேனும் மாறியதா என்று கேட்டார்கள். மூன்று நான்கு சதுரங்கள் வரையில் மக்கள் தவறாது சொன்னார்கள். அதற்கு மேல் பிழைகள் பெருகின. வியப்பு என்னவெனில், நிறம், சாய்வு, அளவு, இடைவெளி என நான்கு பண்புகளை ஒவ்வொரு பொருளிலும் ஏற்றிக் காட்டியபோதும் நினைவிற்கொண்ட பொருள்களின் எண்ணிக்கை குறையவில்லை. மனம் பண்புகளை எண்ணுவதில்லை, பொருள்களையே எண்ணுகிறது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். பொருள் என்னும் கட்டுக்குள் கட்டிவிட்டால் பல பண்புகள் ஒரு சுமைக்கூலியில் பயணம் செய்கின்றன!

ஆனால் கட்டு அவிழாமல் இருக்கவேண்டுமே? இந்த ஐயத்தை எழுப்பியவரும் டிரைஸ்மன் அம்மையாரே. 2002ஆம் ஆண்டில் வீலர் என்பவரோடு சேர்ந்து அவர் செய்த சோதனையில், இரண்டாம் முறை காட்டும்போது புதிய நிறமோ புதிய வடிவமோ சேர்க்கப்படவில்லை. இருந்தவற்றுள் இரண்டின் நிறங்கள் மட்டும் தம்முள் இடம் மாற்றப்பட்டன. என் அத்தையின் டப்பாவில் இருந்த நிலைமை அப்படியே அதுதான் என்பதை நேயர்கள் கண்டுகொண்டிருப்பீர்கள். புதிய நிறம் வந்தால் எளிதில் கண்டுபிடித்தவர்கள், துணை மாறியதைக் கண்டுபிடிக்கத் திணறினார்கள். பல பொருள்கள் ஒருசேர எதிரே தோன்றிக் கவனத்தைச் சிதறடித்தபோது இத்தடுமாற்றம் மிகுதியாயிற்று. ஒரே பொருளைக் காட்டிக் கேட்டபோது குறைந்தது. ஆகவே பிணைப்பைப் போடுவதற்கு மட்டுமன்றி, போட்ட பிணைப்பைக் காத்துவைப்பதற்கும் கவனம் தேவை என்று அவர்கள் கூறினார்கள்.

அறிவியல் உலகில் ஒரு கூற்று எழுந்தவுடன் எதிர்க்கூற்றும் எழுவது இயல்பு. 2006ஆம் ஆண்டில் ஆலன், பேட்லி, ஹிட்சு மூவரும் வேறொரு வழியில் ஆராய்ந்தார்கள். நிற வடிவங்களை நினைவிற்கொள்ளும்போதே எண்களைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டும் இருக்கவேண்டும் என்று பணித்தார்கள். அவ்வாறு எண்ணும்போது நினைவு முழுவதுமே குன்றியது. ஆனால் பிணைப்பு மட்டும் தனியாக மிகுதியாகக் குன்றவில்லை. அப்படியானால் பிணைப்புக்கென்று தனிக் கவனம் வேண்டா என்றாகிறது. எனினும் அவர்களே இன்னொன்றையும் கண்டார்கள். வடிவங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினால், முன்னே வந்தவற்றின் பிணைப்பைப் பின்னே வந்தவை எளிதில் அறுத்துவிடுகின்றன. 2009ஆம் ஆண்டில் ஃபூனி, மரோய் என்னும் இருவர், அசையும் புள்ளிகளைக் கண்ணால் பின்தொடரச் சொன்னபோது பிணைப்பே பிற நினைவைவிட மிகுதியாகக் கெட்டது என்று காட்டினார்கள்.

இவ்விரு கட்சிகளையும் கேட்ட நமக்கு ஒன்று விளங்குகிறது. கவனத்தைச் சிதைக்கும் செயல்கள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. வாயால் எண்ணுவது ஒருவகைச் சுமை. கண்ணும் இட உணர்வும் வேறொன்றைத் துரத்துவது மற்றொருவகைச் சுமை. பின்னதே பிணைப்புக்குப் பெரும் பகை. வழக்கு இன்னும் முடிந்துவிடவில்லை. என்றாலும் நினைவு நிற்கவேண்டுமானால் கவனம் நிற்கவேண்டும் என்பதில் இரு கட்சியாரும் ஒன்றுபடுகிறார்கள்.

இட உணர்வு என்றேன். நம் நாட்டு உளவியலாளர் சினேகலதா ஜஸ்வால் அம்மையார், எடின்பரோப் பல்கலைக்கழகத்து இராபர்ட் லோகியுடன் சேர்ந்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனைப் பற்றியது. நிற வடிவங்களைக் காட்டி மறைத்து, மீண்டும் காட்டும்போது அவை நின்ற இடங்களை மாற்றிவைத்தால் என்ன ஆகும்? மறைத்த சிறிது நேரத்துக்குள் கேட்டால், இடமாற்றம் நினைவைக் குழப்புகிறது. இரண்டு நொடி அளவு கழிந்தபின் கேட்டாலோ, அந்தக் குழப்பம் தணிந்துவிடுகிறது. முதலில் இடம் என்னும் கொம்பைப் பற்றிக்கொண்டு வளரும் கொடி, சிறிது நேரத்தில் தானே நிற்கக் கற்றுக்கொள்கிறது. நமக்கு வேண்டாத பண்பை மனம் மெல்ல மெல்ல உதிர்த்துவிட்டு, வேண்டிய பிணைப்பை மட்டும் உறுதி செய்கிறது. அந்த இரண்டு நொடி அவகாசத்தைத்தான் நாம் பல வேளைகளில் மனத்துக்குத் தருவதில்லை.

இனி, உங்களுள் சிலர் உள்ளத்தில் எழும் கேள்வி எனக்குக் கேட்கிறது. "நான்கு பொருளுக்கு மேல் மனம் தாங்காது என்றால், நம் நாட்டு அவதானிகள் நூறு செயல்களை எவ்வாறு தாங்கினார்கள்?" நல்ல கேள்வி. அவதானம் என்னும் சொல்லுக்கே கவனம் என்பதுதான் பொருள். தமிழில் கவனகம் என்றும் வழங்குகிறோம். நாஞ்சில் நாட்டுக் கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியில் 1874ஆம் ஆண்டு தோன்றிய செய்குத்தம்பிப் பாவலர், 1907ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர் பெருமக்கள் முன்னிலையில் சதாவதானம் நிகழ்த்தினார். சீறாப்புராணத்துக்கு உரை கண்ட அப்பெரும்புலவர் 1950ஆம் ஆண்டில் மறைந்தார். அவதான அரங்கில் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் இலக்கண வினா எழுப்புவார். ஒருவர் மணி அடிப்பார். ஒருவர் முதுகில் நெல்மணியோ மலரோ எறிவார். அத்தனையையும் ஏற்று, இறுதியில் ஒன்றும் பிசகாமல் விடை சொல்லவேண்டும்.

இது கொள்ளளவைப் பெருக்கிய வித்தையா? ஆராய்ச்சி வேறுவிதமாகச் சொல்கிறது. 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எரிக்சன், சேஸ், ஃபலூன் மூவரும் ஒரு கல்லூரி மாணவரைப் பழக்கினார்கள். தொடக்கத்தில் ஏழு இலக்கங்களை மட்டுமே திருப்பிச் சொல்ல முடிந்த அவர், 230 மணி நேரப் பயிற்சிக்குப்பின் 79 இலக்கங்களைச் சொன்னார். அவர் ஓட்டப்பந்தய வீரர். இலக்கங்களைப் பந்தய நேரங்களாகக் கட்டுக்கட்டாகக் கட்டி, களஞ்சியத்தில் வைத்தெடுத்தார். ஆனால் இலக்கங்களுக்குப் பதில் எழுத்துக்களைக் கொடுத்தவுடன் ஆறளவுக்கு இறங்கிவிட்டார்! மரக்கால் பெரிதாகவில்லை, அளக்கும் கை விரைவாயிற்று. அவதானியும் நூறு செயலை ஒரே கணத்தில் கவனிப்பவர் அல்லர் என்றே நான் கருதுகிறேன். கவனத்தை ஒன்றில் முழுதாக நிறுத்தி, முடிச்சிட்டு, வைத்துவிட்டு, அடுத்ததற்குச் செல்லும் விரைவே அவருடைய வலிமை. நாம் கவனத்தைப் பங்கு போட்டுச் சிதறுகிறோம். அவர் கவனத்தைப் பங்கு போடாமல் நகர்த்துகிறார்.

இதே பாடத்தை அதிராம்பட்டினத்துக் கடற்கரையிலும் கண்டேன். படகுகள் கரைசேர்ந்ததும் இறாலும் நண்டும் மடவையும் கூறு கூறாக மணலில் கொட்டப்படும். ஏலம் விடும் முதியவர் எந்தக் கூறு யாருடையது, என்ன மீன், என்ன விலைக்குப் போயிற்று, எடுத்தவர் யார் என்னும் நான்கையும் ஒன்றாய்க் கட்டி மனத்தில் வைத்திருப்பார். "எப்படி ஐயா நினைவு வைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "ஒரு கூற்றை முடிக்காமல் அடுத்த கூற்றைப் பார்ப்பதில்லை. நடுவே யாராவது பேச்சுக் கொடுத்தால் அந்த விலையை மறுபடி ஒருமுறை உரக்கச் சொல்லிக்கொள்வேன்" என்றார். உளவியல் நூல் எதையும் படியாத அந்தப் பெரியவர், கவனத்தின் இலக்கணத்தை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்!

இனி அத்தையின் செய்திக்கு வருவோம். மகன் அஞ்சிய மறதி நோயைப் பற்றி ஆராய்ச்சி சொல்வது கூர்ந்து கேட்கத்தக்கது. முதுமையில் நினைவு பொதுவாகச் சற்றே தளர்கிறது. ஆனால் நிறத்தையும் வடிவத்தையும் குறுகிய நேரம் பிணைத்து வைக்கும் ஆற்றல் நலமான முதியோரிடம் தனிப்படச் சிதைவதில்லை என்று பல சோதனைகள் காட்டியுள்ளன. அல்சைமர் நோயுற்றோரிடமோ அந்த ஆற்றல் குறிப்பாகக் குன்றுகிறது. மாரியோ பாரா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2010ஆம் ஆண்டில், தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், பரம்பரையாக அந்நோய் வரும் குடும்பத்தாரை ஆராய்ந்தார்கள். நோய்க்குரிய மரபுக்கூற்றைத் தாங்கியவர்களிடம், வேறு அறிகுறிகள் தோன்றுமுன்னரே இப்பிணைப்பாற்றல் குன்றியிருந்தது. எனவே ஒரு சிறு நிற வடிவச் சோதனை, பெருநோயை முன்கூட்டி அறியும் கருவியாகலாம் என்னும் நம்பிக்கை பிறந்திருக்கிறது.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. கவனம் சிதறிய வேளையில் நேர்ந்த ஒரு பிழையைக் கொண்டு நோய் என்று முடிவு கட்டுதல் தகாது. கவனம் சிதறினால் இருபது வயதுக் கல்லூரி மாணவரும் அதே பிழையைச் செய்கிறார் என்பதைத்தானே இவ்வளவு நேரமும் கண்டோம்? நாங்கள் அத்தையை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் அமைதியாகப் பல சோதனைகள் செய்து, நோய்க்கான குறி எதுவும் தென்படவில்லை என்றார். "அம்மாவின் மூளையைத் திருத்தவேண்டியதில்லை, மருந்து டப்பாவைத் திருத்துங்கள்" என்று சொல்லிச் சிரித்தார்.

அவ்வாறே செய்தோம். நான்கு வகையும் கலந்து கிடந்த டப்பா போயிற்று. காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று அறை பிரித்த பெட்டி வந்தது; வாரத்துக்கு ஒருமுறை மகன் நிரப்பிவைக்கிறார். நிறமும் வடிவமும் சேர்ந்து சுமந்த பொறுப்பை இப்போது இடம் ஒன்றே சுமக்கிறது. மனம் முடிச்சுப் போடவேண்டிய வேலையே இல்லை. மாத்திரையைக் கையில் எடுத்தபின் தொலைபேசி ஒலித்தால் ஒலிக்கட்டும், விழுங்கியபின் பேசலாம். பேச்சுக்குப்பின் மறுபடி எடுப்பதானால் அட்டையை முதலிலிருந்து பார்க்கவேண்டும். கடைக்காரர் வேறு நிறத்தில், வேறு வடிவத்தில் மாத்திரை கொடுத்தால், அது எதற்குப் பதிலாக வந்தது என்று அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும்.

மாத்திரையோடு நின்றுவிடும் செய்தியன்று இது. கூட்டத்தில் நடந்த சண்டையைக் கண்ட சாட்சி ஒருவர், ஒருவன் அணிந்திருந்த சிவப்புச் சட்டையை மற்றொருவன்மேல் ஏற்றிச் சொல்லலாம். அவர் பொய் சொல்பவர் அல்லர், அவர் மனம் போட்ட முடிச்சுத் தவறியது. ஆகவே பிறர் தவறும்போது "கண்ணில்லையா?" என்று சினந்து கேட்குமுன், அவர் கவனம் அப்போது எங்கே இழுக்கப்பட்டது என்று எண்ணிப் பார்த்தல் நன்று. நினைவு நம் உடைமை. கவனம் அதற்கு நாம் செலுத்தும் விலை. விலை கொடாமல் பொருளைக் கேட்பது நேர்மையாகாது.

அண்மையில் மீண்டும் அதிராம்பட்டினம் சென்றிருந்தேன். இரவு உணவு முடிந்து அத்தை மருந்துப் பெட்டியைத் திறந்தார். நான் ஏதோ பேச வாயெடுத்தேன். அவர் ஒரு கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். இரண்டு மாத்திரைகளையும் உள்ளங்கையில் வைத்து ஒரு கணம் உற்றுநோக்கினார், விழுங்கினார், தண்ணீர் குடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்போது சொல், தம்பி" என்றார்.